நாலாம் குட்டையின் மஞ்சள் கோடு

ஊர் கைகழுவிவிட்ட தண்ணீரெல்லாம் கடைசியில் வந்து நிற்பது அவர் காலடியில்தான். குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், யாரும் வாய்விட்டுச் சொல்லாத தண்ணீர் எல்லாம் ஊருக்கு வெளியே நாலு பெரிய குட்டைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கும். கசடு அடியில் படியப் படிய, நாலாம் குட்டைக்கு வரும்போது ஓரளவு முகம் பார்க்கும் தண்ணீராகி ஆற்றுக்குப் போகும். அந்த நாலாம் குட்டையின் மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. சம்பளப் பட்டியலில் ‘கேட் ஆபரேட்டர், இரண்டாம் நிலை’ என்று இருக்கும். முதல் நிலை என்று ஒருவர் அந்த நிலையத்தில் இருந்ததே இல்லை. இருபத்தாறு வருஷமாகத் தான் யாருக்கு இரண்டாவது என்று அவருக்கும் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது.

முகத்துக்கு நேரே மடைக்காரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வாத்து மடையன். அந்தப் பேரை வைத்தவர் மோட்டார் மெக்கானிக். தன் ஆயுளில் அவர் சொன்ன ஒரே நல்ல ஜோக் அது என்பதால், ஆளுக்கு ஆள் சொல்லி மினுக்கிக்கொண்டே இருந்தார். மடைக்காரருக்கும் அது காதில் விழுந்திருந்தது. விழுந்ததாகக் காட்டிக்கொண்டால் இன்னும் நாலு பேர் சிரிப்பார்கள் என்று, காதில் தண்ணீர் போனவர் மாதிரி நடந்து போய்விடுவார்.

பேச்சு என்றாலே அவருக்கு ஒரு கூச்சம். பஸ்ஸில் எவனாவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க இயந்திரங்களின் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகிய குரல். வீட்டிலும் அதே குரல்தான். “உங்க வாய்க்குள்ள என்ன, மடையா வெச்சிருக்கு? திறக்கறதுக்கு ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணுமா?” என்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

வாத்து வந்த கதை பதினொரு வருஷத்துக்கு முந்தையது. நாலாம் குட்டையில், மடைக்குப் பக்கத்தில், தண்ணீர் அளக்க ஒரு சிமெண்டுத் தூண் உண்டு. அதில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். விதிப்படி தண்ணீர் ஐந்தரை அடியில் நிற்க வேண்டும். எண்கள் பாசியேறி அழிந்துபோனதால் புதிதாக எழுதச் சொல்லி ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் கொடுத்தார்கள். கீழே உள்ள எண்ணை எழுதவேண்டுமென்றால் தண்ணீரை இறக்க வேண்டும். நாலு அடிக்கு இறக்கி, நாலாம் எண்ணுக்கு நேரே ஒரு தடித்த மஞ்சள் கோடும் இழுத்துவிட்டு, தூரிகையை அலசிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஒரு வாத்து. உடம்பெல்லாம் பழுப்பு, கறுப்பு அலகு, அலகின் நுனியில் மட்டும் பளிச்சென்று மஞ்சள்.

பாவி, பெயிண்டில் வாயை வைத்துவிட்டதே என்று நினைத்தார். விஷம் ஏறிச் சாகப்போகிறது, அதற்குத் தான்தான் காரணம் என்று இரண்டு நாள் கரையிலேயே உட்கார்ந்து அது சாவதற்காகக் காத்திருந்தார். அது சாகவில்லை. மூன்றாம் நாள் இன்னொன்று வந்தது. அதற்கும் நுனியில் அதே மஞ்சள். தூணுக்குப் போய்க் கோட்டைச் சுரண்டிப் பார்த்தார். பெயிண்ட் கல்லாய்க் காய்ந்திருந்தது. அன்றைக்கு, யாரும் இல்லாத அந்தக் கரையில், அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மனைவிகூடக் கேட்டதில்லை.

மகள் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்த பறவைப் புத்தகத்தில் அந்த அலகு இருந்தது. புள்ளிமூக்கு வாத்து. அலகு நெற்றியோடு சேரும் இடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி இருக்கும் என்று எழுதியிருந்தது. அவர் மறுநாள் பார்த்தார்; இருந்தது, ஆணுக்குத் துலக்கமாக, பெண்ணுக்கு இருந்தும் இல்லாத மாதிரி. பிறகு ஒவ்வொன்றாகத் தானே கற்றுக்கொண்டார். தண்ணீரில் சும்மா மிதக்கும்போது விலாவுக்குப் பின்பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று, சட்டைக்கு வெளியே தெரியும் பனியன் ஓரம் மாதிரி. கால் ஆரஞ்சுச் சிவப்பு. பறந்தால்தான் ரகசியம் வெளியே வரும்: இறக்கையில் ஒரு பச்சைப் பட்டை மின்னி மறையும். குளிர்காலத்தில் வந்து போகும் ஊசிவால் வாத்துகளும் சின்னக் கிளுவை வாத்துகளும் வெயில் ஏறியதும் மூட்டை கட்டிவிடும். இது போகாது. வருஷம் முழுக்க இங்கேயே.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது அது சாப்பிடும் விதம். முங்கி நீந்தாது. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டி, தலைகீழாக நிற்கும். கழுத்து எட்டிய இடத்தில் இருக்கும் பாசியையும் விதையையும் மேய்ந்துவிட்டு நிமிரும். கழுத்து எட்டாத ஆழம் அதற்கு இருந்தும் இல்லை. நாலாம் குட்டையின் தெற்கு ஓரம் சரிவான மேடை. தண்ணீர் நாலு அடியில், மஞ்சள் கோட்டில் நின்றால், அந்த மேடையின் மேல் ஒரு சாண், இரண்டு சாண் தண்ணீர்தான் நிற்கும். ஐந்தரைக்கு ஏற்றினால் இடுப்பளவு.

பெயிண்ட் வேலை முடிந்து விதிப்படி அவர் ஐந்தரைக்கு ஏற்றியபோது வாத்துகள் ஒரு வாரத்தில் காணாமல் போயின. ஏதோ சந்தேகத்தில் மறுபடி நாலுக்கு இறக்கினார். வந்தன. ஏற்றினார். போயின. மூன்றாம் தடவை இறக்கியதோடு சரி, பிறகு ஏற்றவே இல்லை. தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. தூணருகே நடந்து வந்து எட்டிப் பார்க்க ஆபீசில் யாருக்கும் காலும் இல்லை, மூக்கும் இல்லை. பதிவேட்டில் மட்டும் தினமும் காலையில் ‘5½’ என்று எழுதினார். பொய் என்று பார்த்தால் அவர் ஆயுளில் சொன்னது அந்த ஒன்றுதான். ஒன்றேயானாலும் அதைப் பதினொரு வருஷம், நாள் தவறாமல், அழகான கையெழுத்தில் சொன்னார்.

இன்னொரு சின்னப் பொய்யும் உண்டு. அதைப் பொய் என்று அவர் எண்ணியதில்லை. தெற்குக் கரையின் மூலைப் புல்லில்தான் வாத்து கூடு வைக்கும். கரைப் புல் வெட்டும் ஒப்பந்தம் அவர் மனைவியின் தம்பியிடம் இருந்தது. மச்சினன் நல்லவன். ஆனால் அவன் வாயில் விழுந்த சங்கதி ஊர்வலம் போகும். அதனால், “அந்த மூலைய மட்டும் விட்டுடு, பாம்பு இருக்கு” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிவைப்பார். மச்சினனுக்குப் பாம்பு என்றால் குலைநடுக்கம். மூலை பிழைத்துக் கிடந்தது.

இப்படியே போயிருக்கும். நாலாம் குட்டையின் தெற்குப் பாதியைத் தூர்த்து லாரி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

அதைப் படித்துக் காட்டிய கூட்டத்தில் அடிக்குறிப்பாக ஒரு விதியையும் படித்தார்கள்: காட்டுப் பறவை ஏதாவது அங்கே கூடு கட்டி வாழ்ந்தால் அந்தப் பகுதியைத் தூர்க்கக் கூடாது; வந்து போகிற பறவைக்கு இது பொருந்தாது.

“நம்ம குட்டையில ஏது பறவை?” என்றார் சூப்பிரண்டு.

“வாத்து இருக்கு சார்,” என்றார் மடைக்காரர். சொன்னவர் தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

“அது எவனோ வளர்த்த பண்ணை வாத்துய்யா. தப்பிச்சு வந்திருக்கும்.”

“பண்ணை வாத்துக்குப் பின்பக்கம் தரையில இடிக்கும் சார். பறக்காது. இது பறக்குது.”

“பறக்கறதையெல்லாம் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்திருக்கீங்களா?” என்று சூப்பிரண்டு கேட்க, மெக்கானிக் முதலில் சிரிக்க, கூட்டம் முடிந்தது.

அன்றிரவு அல்ல, அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் வனத்துறைக்கு ஒரு மனு எழுதினார். வாழ்க்கையில் முதல் மனு. அலகின் மஞ்சள், இறக்கைப் பச்சை, விலா வெள்ளை எல்லாம் எழுதினார். கூடு வைக்கும் மூலையை எழுதினார். தண்ணீர் மட்டத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. மனைவி வாங்கிப் படித்துவிட்டு, “இவ்வளவு வார்த்தை உங்ககிட்ட இருந்துச்சா? என்கிட்ட ஒண்ணு ரெண்டு செலவு பண்ணியிருக்கலாம்,” என்றாள். ஆனால் தபாலில் சேர்த்தது அவள்தான்.

பதில் வந்தது. புதன்கிழமை ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

மடைக்காரர் தினமும் காலையில் பத்தடி தள்ளி நின்று கூட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வாத்து நாளுக்கொன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இன்னும் அடைகாக்க உட்காரவில்லை. திங்கட்கிழமை எண்ணியபோது எட்டு. வெளிறிய, கொஞ்சம் பச்சை கலந்த வெள்ளை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று அவர் அன்றைக்கு நிம்மதியாக டீ குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சூப்பிரண்டு அவரைக் கூப்பிட்டு, குட்டையின் பழைய வரைபடத்தைத் தலைமை ஆபீசிலிருந்து வாங்கிவரச் சொன்னார். போய், மூன்று மேஜைகளில் காத்திருந்து, வரைபடம் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப மாலை ஆறு ஆகிவிட்டது. நேரே வீட்டுக்குப் போனார்.

மனைவி தட்டில் அவித்த முட்டைகளை இரண்டாக அரிந்து, மிளகுத்தூள் தூவி வைத்தாள். அவருக்கு நல்ல பசி. ஒன்றைத் தின்று, இன்னொன்றில் பாதியையும் தின்றார்.

“நல்லாருக்கே,” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

“கோழி முட்டை இல்ல. தம்பி கொண்டுவந்தான், ஒன்பது. மஞ்சக்கரு எவ்வளவு பெருசு பாருங்க.”

மீதிப் பாதியைத் தட்டில் வைத்தார். “எங்கேருந்து கொண்டுவந்தான்?”

அவள் பதில் சொல்லுமுன் மச்சினனே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பெருமை.

“அத்தான், இன்னைக்கு உங்க குட்டைய நான் மணமேடை மாதிரி ஆக்கிட்டேன். சூப்பிரண்டு கூப்பிட்டு, நாளைக்கு வெளியாள் வராங்க, சுத்தமா இருக்கணும்னாரு. நம்ம அத்தான் மனு போட்டு வரவங்களாச்சே, அவர் பேரு கெடக் கூடாதுன்னு, அந்தப் பாம்பு மூலையக்கூட விடல. ஆளுங்க ஒருத்தனும் இறங்க மாட்டேன்னுட்டான். நானே முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கிட்டு, கம்பால தட்டித் தட்டிப் போனேன். பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல அத்தான். ஒன்பது முட்டை கெடந்துச்சு. ஏதோ பண்ணை வாத்து போட்டிருக்கு. மெஷின்ல உடைஞ்சு போகுமேன்னு எடுத்து அக்காகிட்டக் கொடுத்தேன்.”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதைச் சொல்லித் திட்டுவது? அந்த மூலைக்குப் பாம்பைக் காவல் வைத்தது அவர்தான். பாம்புக்குப் பதில் ஒரே ஒரு நாள் வாத்து என்று சொல்லியிருந்தால், அவர் பேருக்காகப் பாம்பையே மிதிக்கத் துணிந்த இந்தப் பையன் அந்தப் புல்லுக்கு முன்னால் காவல் நின்றிருப்பான்.

“என்ன அத்தான், ஒண்ணுமே சொல்லல?”

“நல்லா வெட்டியிருப்பே,” என்றார்.

அவன் போனபின் மனைவியிடம் சொன்னார். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போய், குப்பைக் கூடையிலிருந்து முட்டை ஓடுகளைப் பொறுக்கி, கழுவி, தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினார்.

“அத எதுக்கு எடுக்கறீங்க?”

“பார்க்கணும்னு கேப்பாங்க.”

“காட்டினா, யாரு எடுத்ததுன்னும் கேப்பாங்கல்ல? காட்டு வாத்து முட்டைன்னா கேஸு. என் தம்பிக்கு ஒப்பந்தம் போயிடும். ரெண்டு புள்ளைங்க அவனுக்கு.”

அவர் டப்பாவின் மூடியை அழுத்திப் பார்த்தார். சரியாகத்தான் மூடியிருந்தது.

புதன்கிழமை வந்த அதிகாரி முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. கரையில் ஏறி நின்று கண்ணில் வைத்தவள் எடுக்காமலே சொன்னாள்: “புள்ளிமூக்கு. ரெண்டு. ஜோடி. அலகு நுனிய இங்கேருந்தே பார்க்கலாம்.”

மடைக்காரருக்கு உடம்பு லேசானது. பதினொரு வருஷத்தில் அந்தப் பேரை இன்னொரு வாய் சொல்லி அவர் கேட்பது முதல் தடவை.

“பண்ணை வாத்து இல்லீங்களா மேடம்?” என்றார் சூப்பிரண்டு.

“இல்ல சார். ஆனா இங்க இருக்கறது வேற, கூடு வைக்கறது வேற. என் படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. வந்து போகுதா, கூடு கட்டி வாழுதா? வாழுதுன்னு எழுத, கூடு, முட்டை, குஞ்சு ஏதாவது ஒண்ணு நான் கண்ணால பார்க்கணும். மனுவுல தெற்கு மூலைப் புல்லுன்னு எழுதியிருக்கே, அது எங்க?”

சூப்பிரண்டு கையை வீசிக் காட்டினார். கரை மொட்டையாக, சலூனிலிருந்து எழுந்து வந்தவன் பிடரி மாதிரி இருந்தது. “ஒரு புல்லு விடல மேடம். நேத்து முழுக்க வேலை.”

அவள் தொலைநோக்கியை இறக்கினாள். “எதுக்கு சார் வெட்டினீங்க?”

“நீங்க வரீங்கன்னுதான்.”

அதைக் கேட்டு அவள் சிரிப்பாள் போல இருந்தது, சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள். ‘வந்து போகிறது’ என்ற கட்டத்தின் மேல் பேனா போய் நின்றதை மடைக்காரர் பார்த்தார். தண்ணீரில் அந்த ஜோடி மொட்டைக் கரையோரம் போவதும் வருவதுமாக இருந்தது. பெண் வாத்து ஒரு தடவை கரையேறி, தட்டித் தடவி நடந்து, நின்று, மறுபடி இறங்கியது.

கொஞ்சம் தள்ளி மச்சினன் புல்வெட்டும் இயந்திரத்தில் கைவைத்து நின்றான். அக்கா காலையில் போன் செய்திருக்க வேண்டும். முகத்தில் ரத்தமே இல்லை.

“மேடம்,” என்றார் மடைக்காரர். டப்பாவைத் திறந்து நீட்டினார்.

அவள் ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “அவிச்சிருக்கு.”

“ஆமா.”

“யாரு சாப்பிட்டது?”

“நான்.”

“எடுத்தது?”

“நான்தான்னு எழுதிக்கங்க.”

அவர் குனிந்து, வெட்டுப்பட்ட புல் கட்டைகளுக்கு நடுவே ஒரு இடத்தைக் காட்டினார். நசுங்கிய ஒரு வட்டம். அடிக்கட்டைகளில், அம்மா வாத்து நெஞ்சிலிருந்து உதிர்த்துவைத்த சாம்பல்நிறத் தூவி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி மண்டியிட்டு அதைப் படம் எடுத்தாள். எழுந்து இரண்டாவது கட்டத்தில் குறியிட்டாள். பிறகு வேறொரு படிவத்தை எடுத்து, “உங்க பேரு, பதவி சொல்லுங்க,” என்றாள். குரலில் கோபமில்லை. அருவருப்புதான் இருந்தது. பறவையைக் காப்பாற்றச் சொல்லி மனு எழுதிவிட்டு அதன் முட்டையைத் தின்ற ஆளை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

“கேட் ஆபரேட்டர், இரண்டாம் நிலை,” என்றார்.

தெற்குப் பாதி தப்பியது. லாரிகளுக்கு வேறு இடம் பார்த்தார்கள். அவரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி விசாரணை வைத்தார்கள். வனத்துறை அறிக்கையின் ஒரு நகல் விசாரணை மேஜையில் இருந்தது. அதில் ஒரு வரி: வாத்து இங்கே வாழ்வதற்கு இதுவரை இருந்துவந்த நீர்மட்டமே காரணம், அதை அப்படியே, மாற்றாமல், காக்க வேண்டும்.

முந்தின நாளே அந்த வரியைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் மட்டத்தைப் பற்றி முதல்முறையாகச் சொன்னார், நாலு, ஐந்தரை, பதிவேடு எல்லாம். அவள் அன்றைக்குக் கத்தவில்லை. “முட்டை தின்னதுக்கு இடமாற்றத்தோட விட்டுடுவாங்க. பதினொரு வருஷமா பொய் எழுதினதுக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் தம்பிக்காக ஒரு பழி சுமந்துட்டீங்க, உங்க கால்ல விழறேன். எனக்காக இந்த ஒண்ண முழுங்கிடுங்க,” என்றாள்.

விசாரணை அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். “நீர்மட்டம் தினமும் அஞ்சரைன்னு இருக்கு. நிபந்தனைல இதைத்தான் போடப்போறோம். இது சரியான அளவுதானே?”

கேள்வி அவ்வளவுதான். ஆம் என்றால் வேலை, இல்லை என்றால் வாத்து. வாழ்க்கையில் யாரும் அவரிடம் இவ்வளவு தெளிவாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

“சரிதான் சார்,” என்றார் அவர்.

ஊருக்குள், குழாய்களும் வால்வுகளும் அடுக்கிய கிடங்கில் அவரைப் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. குழாய்களில் தண்ணீர் கிடையாது, எல்லாம் புதியவை. நாலாம் குட்டையைச் சுற்றி வேலி போட்டு, வாசலில் ஒரு பலகை வைத்தார்கள்: பாதுகாக்கப்பட்ட இடம், நீர்மட்டம் ஐந்தரை அடி, முட்டை எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். பக்கத்தில் ஒரு வாத்துப் படம். வரைந்தவன் அலகு முழுக்கக் கறுப்பு அடித்திருந்தான்.

மச்சினன் முதல் ஒரு மாதம் அவரைக் கண்டால் தலை குனிந்தான். பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டான். யாராவது கேட்டால், “அத்தானுக்கு முட்டைன்னா கொஞ்சம் சபலம்,” என்று சொல்லிவைத்தான். சொல்லிச் சொல்லி அதை அவனே நம்பிவிட்டான். மனைவிக்கு இது காதில் விழுந்தபோது தம்பியை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவருடைய சட்டையை இரண்டு தடவை துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நிற்பார். முதல் ஞாயிறு, தெற்கு மேடை தெரியவில்லை; மேலே இடுப்பளவுத் தண்ணீர். வாத்து ஜோடி அங்கேதான் இருந்தது. தலையை உள்ளே விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டி, எட்டிப் பார்த்தன. நிமிர்ந்தன. அலகில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து மறுபடி. மறுபடி ஒன்றும் இல்லை. இரண்டாம் ஞாயிறு ஒன்றுதான் இருந்தது. மூன்றாம் ஞாயிறு தண்ணீர் மட்டும், வேலி போட்டு, பத்திரமாக.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை, புதிய மடைக்காரர் அவரை அடையாளம் கண்டு வேலிப் பக்கம் வந்தார். இளவயது. விதிப்புத்தகத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர்.

“அண்ணே, நீங்கதானே முன்னாடி இங்க இருந்தது? பலகையப் பார்த்துட்டு வாரா வாரம் ஆளுங்க வந்து, எங்கய்யா வாத்துன்னு கேக்கறாங்க. நான் வந்ததுலேருந்து ஒண்ணுகூடப் பார்க்கல. எங்கதான் போச்சு அது?”

பழைய மடைக்காரர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இங்கே யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மேஜை இல்லை.

“தண்ணிய நாலுக்கு இறக்கிப் பாருங்க தம்பி. தூண்ல ஒரு மஞ்சக் கோடு இருக்கும், அதுவரைக்கும். வரும்.”

“நாலா? ரூல்ல அஞ்சரைண்ணே. பலகைலயே போட்டிருக்கு.”

“தெரியும்.”

“அது மட்டுமில்ல. உங்க பழைய பதிவேட்ட நான் வரி விடாமப் பார்த்திருக்கேன். பதினொரு வருஷம், ஒரு நாள் தப்பாம அஞ்சரை. வாத்து இருந்ததே அஞ்சரைலதானே அண்ணே? நீங்களே அவ்வளவு அழகா எழுதி வெச்சிருக்கீங்க.” புதியவர் சிரித்தார், நல்ல மனசோடுதான். “வயசாயிடுச்சுன்னா மறந்துபோறது சகஜம்தான்.”

பழையவர் தூணைப் பார்த்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் தண்ணீர் அசையாமல் நின்றது. மஞ்சள் கோடு ஒன்றரை அடி கீழே எங்கேயோ இருந்தது.

“இருக்கும் தம்பி,” என்றார். சைக்கிளைத் திருப்பினார்.